எடை அடித்து என்டர் தட்டினால் முதல் வரி அழிவது ஏன்?

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் இணையச் செயலி எழுதப் பழகுகிறவர்கள் கைக்குப் பல நேரம் முதலில் வரும் வேலை, ஒரு பனியன் கம்பெனிக்கோ நூல் கடைக்கோ மஞ்சள் மண்டிக்கோ பதிவு போடும் பக்கம் ஒன்று செய்து தருவதுதான். பக்கத்தைச் செய்து முடித்து, மவுஸை வைத்து ஒவ்வொரு பட்டனாகக் கிளிக் செய்து பார்ப்போம். எல்லாம் சரியாக ஓடும். ஆனால் அங்கே உட்கார்ந்து அதில் நாள் முழுக்க வேலை செய்யப் போகிறவர் மவுஸைத் தொடுவதே அபூர்வம். டேலி கணக்கு மென்பொருளில் கை பழகியவர் அவர். டேலியில் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும். வவுச்சர் முடிந்ததும் சேமிக்கலாமா என்று கேட்கும், அதற்கும் என்டர்தான். வலது கை நம்பர் பேடிலேயே இருக்கும். எண், என்டர், எண், என்டர் என்று ஓடும்.

உலாவியில் அதே என்டர் வேறு வேலை செய்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுத்த பக்கத்தில் பட்டன்கள் தானாக அழுந்தும். பாதிப் பதிவு சேமிக்கப்படும், வரிகள் காணாமல் போகும். இதைச் சரிசெய்யும் வழியைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். என்டரையே முடக்கிவிடு என்று பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

உலாவி என்ன நினைக்கிறது

ஃபார்ம் டேகுக்குள் இருக்கும் ஒற்றை வரிக் கட்டத்தில் கர்சர் இருக்கும்போது என்டர் தட்டினால், அந்த ஃபார்முக்குச் சொந்தமான முதல் சப்மிட் பட்டனை, அதாவது ஃபார்மை அனுப்பும் பட்டனை, உலாவி தேடுகிறது. கண்டுபிடித்ததும், அதை நாமே கிளிக் செய்ததுபோல ஒரு கிளிக்கை அனுப்புகிறது. அந்தப் பட்டனுக்கு எச்டிஎம்எல் விதிநூலில் டீஃபால்ட் பட்டன் என்று பெயர். இது உலாவியின் கோளாறு இல்லை, பழைய வழக்கம். ஃபார்மில் ஒரே ஒரு ஒற்றை வரிக் கட்டம் இருந்தால் என்டரை 'அனுப்பு' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 விதியிலேயே எழுதியிருக்கிறது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: பட்டன் டேகில் டைப் என்ன என்று எழுதாமல் விட்டால், அது சப்மிட் பட்டன். சும்மா ஒரு ஐகான் வைக்கலாம் என்று போட்ட பட்டன்கூட, டைப் இல்லையென்றால் ஃபார்மை அனுப்பத் தயாராக நிற்கும்.

இன்னொன்று, 'முதல்' என்பது நிரலில் எழுதிய வரிசையைக் குறிக்கும். திரையில் தெரியும் வரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிஎஸ்எஸ் ஃபிளெக்ஸ் போட்டு 'சேமி'யை இடப்பக்கம் நகர்த்தியிருந்தாலும், நிரலில் 'ரத்து' முன்னால் இருந்தால் என்டருக்கு 'ரத்து'தான் அழுந்தும். மறைத்து வைத்த பட்டனும் கணக்கில் சேரும். ஃபார்முக்கு வெளியே இருந்தாலும், ஃபார்ம் என்ற பண்பில் அந்த ஃபார்மின் ஐடியைக் கொடுத்து இணைத்த பட்டனும் சேரும்.

ஒரு டிசி பக்கம்

இதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது போடும் டெலிவரி சலானை, அதாவது டிசியை, எடுத்துக்கொள்வோம். மேலே பார்ட்டி பெயர், லாட் நம்பர், வண்டி நம்பர். கீழே அட்டவணை: கலர், டயா (துணிக் குழலின் விட்டம்), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரோல், எடை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த வரியை நீக்க, சிவப்பில் பெருக்கல் குறி போட்ட சின்னப் பட்டன். அட்டவணைக்கு அடியில் 'வரி சேர்', அதற்கும் அடியில் 'சேமி'. எல்லாம் ஒரே ஃபார்மில். பெருக்கல் குறிப் பட்டனுக்கு யாரும் டைப் எழுதவில்லை.

ஏழாவது வரியில் 24.350 என்று எடை அடித்து என்டர் தட்டுகிறார். உலாவி மேலிருந்து தேடுகிறது. முதலில் கண்ணில் படும் சப்மிட் பட்டன் எது? முதல் வரியின் பெருக்கல் குறி. அது அழுந்துகிறது, முதல் வரி போய்விடுகிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரியில் எந்த மாற்றமும் இல்லை. பக்கம் மேலே நகர்ந்திருப்பதால் முதல் வரி போனது தெரிய வழியில்லை. துணி சாயப்பட்டறைக்குப் போய் அங்கே எடை போடும்போதுதான், டிசியில் உள்ளதைவிட வந்திருப்பது கூடுதல் என்று போன் வரும்.

அப்புறம் விசாரித்தால், "நான் எதையும் அழிக்கலீங்க தம்பி, என்டர் மட்டும்தானுங்க தட்டுனேன்" என்பார் கணக்குப் பார்க்கும் அக்கா. அவர் சொல்வது முழு உண்மை. இந்தப் பேச்சைக் கேட்டால் அவரைச் சந்தேகப்படாமல் நேரே நிரலைத் திறந்து பாருங்கள்.

முதல் படி: எந்தப் பட்டன் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு எளிய வழி சிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கிறது. டீஃபால்ட் என்ற பெயரில், முன்னால் முக்காற்புள்ளி போட்டு எழுதும் ஒரு செலக்டர் உண்டு. ஒரு ஃபார்முக்கு எது டீஃபால்ட் பட்டனோ அதை அது பிடித்துக் கொடுக்கும். பட்டன் டேகோடு அதைச் சேர்த்து எழுதி, தடிமனான சிவப்பு அவுட்லைன் கொடுத்துப் பக்கத்தை ஏற்றுங்கள். எந்தப் பட்டனைச் சுற்றிச் சிவப்புக் கோடு வருகிறதோ, என்டர் தட்டினால் அழுந்தப்போவது அதுதான். இன்புட் டேகில் எழுதிய சப்மிட் பட்டன்கள் இருந்தால் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எங்குமே சிவப்பு தெரியவில்லை என்றால் மறைந்திருக்கும் பட்டன் ஒன்று அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். அல்லது ஃபார்மில் சப்மிட் பட்டனே இல்லாமல் இருக்கலாம்.

அதோடு, சப்மிட் நிகழ்வில் சப்மிட்டர் என்ற பண்பைக் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். ஃபார்மை அனுப்பிய பட்டன் எது என்று அது சொல்லும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பட்டனுக்கும் டைப் எழுதுங்கள்

சிக்கலில் பெரும்பகுதி இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும். டைப் பண்பில் 3 மதிப்புகள்தான் உண்டு: சப்மிட், ரீசெட், பட்டன். ஃபார்மை உண்மையில் அனுப்ப வேண்டிய ஒன்றுக்கு மட்டும் சப்மிட். மற்ற எல்லாவற்றுக்கும் பட்டன். வரி நீக்கு, வரி சேர், நாட்காட்டி ஐகான், பாஸ்வேர்டைக் காட்டும் கண், பார்ட்டி தேடும் பூதக்கண்ணாடி, டேப் மாற்றும் பட்டன்கள் எல்லாமே இந்த வகைதான். ரீசெட்டை நான் எந்தப் பதிவுப் பக்கத்திலும் வைப்பதில்லை. ஒரு மணி நேர வேலையை ஒரே அழுத்தில் துடைத்துவிடும் பட்டன் யாருக்கும் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

படம் காட்டும் பட்டனுக்காக இன்புட் டேகில் டைப் இமேஜ் என்று எழுதியிருந்தால், அதுவும் சப்மிட் பட்டன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ரியாக்டில் எழுதுகிறவர்கள், நிரலில் பிழை தேடும் ஈஎஸ்லின்ட் கருவியில் ரியாக்ட் பிளகினைச் சேர்த்து 'பட்டன் ஹேஸ் டைப்' என்ற விதியை இயக்கி வையுங்கள். டைப் எழுதாத பட்டன் ஒன்று இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆயத்த பட்டன் கொடுக்கும் நூலகங்கள் சிலவற்றில் டைப்பை அவையே பட்டன் என்று வைத்துவிடும், சிலவற்றில் அப்படியே விட்டுவிடும். பயன்படுத்தும் நூலகம் எப்படி என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு குழப்பம் வரும். எல்லாப் பட்டனுக்கும் டைப் பட்டன் என்று எழுதிவிட்டோம், சப்மிட்டே இல்லை, ஆனாலும் என்டர் தட்டினால் பக்கம் திரும்ப ஏறுகிறதே என்று கேட்பார்கள். போய்ப் பார்த்தால், அந்த ஃபார்மில் ஒற்றை வரிக் கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மேலே சொன்ன 1995ஆம் ஆண்டு விதி இன்றும் உயிரோடு இருக்கிறது: சப்மிட் பட்டன் இல்லாவிட்டாலும், ஒற்றைக் கட்டமாக இருந்தால் என்டருக்கு ஃபார்ம் போய்விடும். 2 கட்டங்கள் இருந்தால் போகாது. ஒரு ஃபீல்டு சேர்த்தால் சரியாகிறது, எடுத்தால் கெடுகிறது என்று மண்டையைக் குடையும் விஷயத்துக்குக் காரணம் இதுதான். அது தேடல் கட்டமாக இருந்தால், சப்மிட் நிகழ்வைப் பிடித்து, உலாவியின் இயல்பான செயலைத் தடுக்கும் பிரிவென்ட் டீஃபால்ட்டை ஜாவாஸ்கிரிப்டில் கொடுத்து, தேடலை நீங்களே நடத்துங்கள்.

மூன்றாம் படி: வரிசையைச் சரிசெய்யுங்கள்

ஒரே ஃபார்மில் 2 உண்மையான சப்மிட் பட்டன்கள் இருக்கலாம். 'சேமி', 'சேமித்து அச்சிடு' என்பதுபோல. என்டருக்கு எது ஓட வேண்டுமோ அதை நிரலில் முதலில் எழுதுங்கள். திரையில் வேறு இடத்தில் தெரிய வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸால் நகர்த்தலாம். ஆனால் ரொம்பவும் மாற்றாதீர்கள். டேப் விசை நிரல் வரிசைப்படிதான் போகும், பார்க்கிறவர் கண் ஒரு பக்கமும் கர்சர் ஒரு பக்கமும் ஓடும்.

வரிசையை மாற்ற முடியாத பழைய பக்கமாக இருந்தால், ஃபார்ம் தொடங்கியதுமே 'சேமி'க்கு உரிய அதே பெயரோடும் மதிப்போடும் ஒரு மறைவான சப்மிட் பட்டனை வைக்கலாம். டேப் விசையில் அது அகப்படாமலும், திரைவாசிப்பான் அதைப் படிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்டருக்கு எதுவுமே போகக்கூடாது, 'சேமி'யைக் குறிப்பாக அழுத்தினால் மட்டும் போதும் என்றால், அந்த மறைவான முதல் பட்டனை டிசேபிள்டு ஆக்கிவிடுங்கள். டீஃபால்ட் பட்டன் செயலிழந்து இருந்தால் என்டருக்கு ஃபார்மை அனுப்பக்கூடாது என்பது விதி. உலாவி அடுத்த பட்டனைத் தேடிப் போகாது. ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டியதில்லை. டிசி மாதிரி நீளமான பதிவுகளுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

பார்ட்டி தேடும் கட்டம் போன்றவற்றைத் தனி ஃபார்மாகப் பிரித்துவிடுவதும் நல்லது. ஆனால் ஒரு ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் எழுதக்கூடாது. உள்ளே உள்ள ஃபார்ம் டேகை உலாவி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், எல்லாம் மறுபடி ஒன்றாகிவிடும். தேடல் ஃபார்மை வெளியே எழுதிவிட்டு, கட்டத்தையும் பட்டனையும் ஃபார்ம் பண்பு வழியாக அதனோடு இணையுங்கள். பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப்ஃபார்ம்ஸ் பக்கங்களில் மொத்தப் பக்கமும் ஒரே ஃபார்முக்குள் இருக்கும். அங்கே பேனல் ஒன்றுக்குள் கட்டங்களை வைத்து, அதன் டீஃபால்ட் பட்டன் பண்பில் வேண்டிய பட்டனின் ஐடியைக் கொடுத்தால் போதும்.

நான்காம் படி: என்டருக்கு டேலி வழக்கத்தைக் கொடுங்கள்

இதுவரை செய்தது தப்பான பட்டன் அழுந்தாமல் தடுப்பது. இனி, தட்டுகிறவர் எதிர்பார்த்ததைக் கொடுக்க வேண்டும். அட்டவணைக்கு மட்டும் ஒரு கீடவுன் கேட்பானை, அதாவது விசை அழுந்தியதும் ஓடும் நிரலை, வையுங்கள். முழுப் பக்கத்துக்கும் வைக்காதீர்கள். முழுப் பக்கத்திலும் என்டரைத் தடுத்தால், டேப் அடித்து 'சேமி'க்கு வந்து என்டர் தட்டுகிறவருக்கு அது வேலை செய்யாது. லிங்க் திறக்காது. முகவரி எழுதும் டெக்ஸ்ட் ஏரியாவில் அடுத்த வரிக்குப் போக முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பலர் கீபோர்டை மட்டுமே நம்பி வேலை செய்கிறார்கள், அவர்களுக்குப் பக்கமே பூட்டிக்கொள்ளும். என்டரை முடக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேட்பானுக்குள் பார்க்க வேண்டியவை இவை. அழுந்தியது என்டர்தானா என்று கீ என்ற பண்பை வைத்துப் பாருங்கள். கோட் என்ற பண்பை வைத்துப் பார்த்தால் நம்பர் பேடில் உள்ள என்டருக்கு வேறு பெயர் வரும், நிரல் அதைத் தவறவிடும். எடை அடிக்கிறவர் கை இருப்பதே அந்த என்டரில்தான். அடுத்து, கர்சர் இருப்பது ஒற்றை வரி இன்புட்டில்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் தலையிடாமல் திரும்பிவிடுங்கள்.

கலர் பெயரையோ பார்ட்டி பெயரையோ தமிழில் ஒலிப்பு முறையில் அடிக்கும்போது, சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் என்டர் தட்டுவார்கள். அந்த என்டருக்குக் கர்சர் தாவிவிடக்கூடாது. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதைச் சொல்லும் ஈஸ் கம்போஸிங் என்ற பண்பு உண்மையாக இருந்தால் விட்டுவிடுங்கள். சஃபாரியில் இது மட்டும் போதாது. அங்கே பழைய கீகோட் 229 ஆக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால், முதலில் பிரிவென்ட் டீஃபால்ட். அதற்குப் பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு ஃபோகஸ். இது ரொம்ப முக்கியம். தடுக்காமல் ஃபோகஸை ஒரு பட்டனுக்கு நகர்த்தினால், அதே அழுத்தத்தின் மிச்சம் அந்தப் பட்டன் மேல் விழுந்து அதை அழுத்திவிடலாம். ஃபோகஸ் போனதும் கட்டத்தில் உள்ளதை செலக்ட் செய்துவிடுங்கள், பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை அடிக்கலாம். விரல் கொஞ்சம் நேரம் விசையிலேயே இருந்துவிட்டால் கீடவுன் திரும்பத் திரும்ப வரும். ரிபீட் என்ற பண்பு உண்மையாக இருந்தால் தடுத்துவிடுங்கள், ஆனால் கர்சரை நகர்த்தாதீர்கள். விசையை விட்டதும் வரும் கீஅப்பில் இதையெல்லாம் எழுதிப் பயனில்லை, அதற்குள் ஃபார்ம் போயிருக்கும்.

வரியின் கடைசிக் கட்டமான எடையில் என்டர் தட்டினால் புது வரி ஒன்று சேர்ந்து அதன் கலர் கட்டத்துக்குக் கர்சர் போகட்டும். கலரைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் 'சேமி'க்கு ஃபோகஸ் போகட்டும். தானாகச் சேமிக்க வேண்டாம். இன்னொரு என்டர் அவர் கையிலேயே இருக்கிறது, அது அவர் முடிவாக இருக்கட்டும்.

பேக்கிங்கில் ஸ்கேனர் இருந்தால்

பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஸ்டிக்கரைப் படிக்கும் பார்கோடு ஸ்கேனர்கள் பலவும் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான் தெரியும். எண்களை வேகமாக அடித்துவிட்டு, கடைசியில் ஒரு என்டரையும் பெரும்பாலும் சேர்த்து அனுப்பும். அந்த என்டரை டேப் ஆக மாற்றவோ எடுத்துவிடவோ முடியும். ஸ்கேனரோடு வரும் கையேட்டில் அதற்கென அச்சிட்டிருக்கும் பார்கோடைப் படிக்க வைத்தால் போதும். கம்பெனியில் பல ஸ்கேனர்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு வையுங்கள்.

இங்கே எச்சரிக்கைப் பெட்டிகள்தான் ஆபத்து. இந்தப் பெட்டி ஏற்கெனவே பதிவாகிவிட்டது, மாற்றவா என்று உலாவியின் கன்ஃபர்ம் பெட்டி வந்து நிற்கும். ஆள் திரையைப் பார்க்காமல் அடுத்த ஸ்டிக்கரைப் படிப்பார். அந்த என்டர் 'ஓகே'வில் விழும். ஆகவே ஸ்கேன் நடக்கும் பக்கத்தில் செய்தியைப் பக்கத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் காட்டுங்கள், பீப் சத்தம் கொடுங்கள். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் டயலாக் டேகைப் பயன்படுத்தி, ஆட்டோஃபோகஸை 'வேண்டாம்' பட்டனில் வையுங்கள். ஒரே பெட்டி இரண்டு முறை பதிவாகாமல் சர்வரிலும் தடுப்பு இருக்க வேண்டும்.

போனில்

என்டர் கீ ஹின்ட் என்ற பண்பில் 'நெக்ஸ்ட்', 'டன்' போன்றவற்றைக் கொடுத்தால் போனின் கீபோர்டில் அந்த விசை என்ன செய்யும் என்பது அதன் மேலேயே தெரியும். அது பெயரையோ படத்தையோ மாற்றுமே தவிர, வேலையை நீங்கள்தான் எழுத வேண்டும். எடைக்கு இன்புட் மோடை டெசிமல் என்று வைத்தால் ஐபோனில் வரும் எண் கீபோர்டில் என்டரே இருக்காது. ஆகவே 'அடுத்து', 'சேமி' பட்டன்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

நீக்குவதற்குத் தனிக் கவனம்

இவ்வளவு செய்தும் ஏதோ ஒரு நாள் தப்பான பட்டன் அழுந்தத்தான் செய்யும். வரியை நீக்கியதும் அதே இடத்தில் 'நீக்கப்பட்டது, திரும்ப வேண்டுமா' என்று சில நொடிகள் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் உறுதியா என்று கேட்பதைவிட இது நல்லது. தினமும் கேட்கும் கேள்விக்குக் கை பார்க்காமலே என்டர் தட்டும். சர்வர் பக்கம், எந்தப் பட்டன் அழுந்தியது என்பது பெயரோடு வந்தால் மட்டும் நீக்குங்கள். பெயர் வராத கோரிக்கையை ஒருபோதும் நீக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்படைக்கும் முன்

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, நம்பர் பேடில் 10 வரி டிசி ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் வரியின் எடையும் மொத்த எடையும் கடைசியில் அப்படியே இருக்க வேண்டும். பிறகு அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லித்தராதீர்கள். அவர் எந்தக் கட்டத்தில் தயங்குகிறார், எங்கே மவுஸைத் தேடுகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து திருத்துங்கள். இந்த ஒரு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிவப்பு அவுட்லைன் போட்ட அந்த சிஎஸ்எஸ் வரியைச் சோதனைப் பதிப்பில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதலாளி "இதுல ஒரு காப்பி பட்டனும் வெச்சுக் குடுத்துருங்க" என்பார். நீங்களும் சேர்ப்பீர்கள். சேர்த்த கையோடு, கோடு இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.